பன்னிரண்டு கட்டங்களும் ராயபுரத்து ஜெரால்டும்

வெள்ளி, பிற்பகல் 2.10

எழும்பூரில் இறங்கியபோது என்னிடம் ஒரு தோள்பையும், ஒரு தொலைநோக்கியும், பன்னிரண்டு கட்டங்கள் அச்சிட்ட ஒரு படிவமும், வெளியே சொல்ல முடியாத ஒரு வேண்டுதலும் இருந்தன. நான் பார்க்கப் போகிற பையன் சுமாராக ஆட வேண்டும். அதுதான் வேண்டுதல். திண்டுக்கல்லிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல், நூற்று அறுபத்தைந்து ரூபாய் டிக்கெட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தும் அந்த எண்ணம் மாறவில்லை. என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதைப் படிக்கத் தொடங்க வேண்டாம் என்றுதான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியன். வயது நாற்பத்து மூன்று. விடுமுறை நாட்களில் ஒரு தொழில்முறைக் கால்பந்து அணிக்காகக் கல்லூரி ஆட்டங்களைப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுக்கிறேன். சீசன் தொடங்குமுன் அந்த அணி, கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் ஆட்டக்காரர்களில் சிலரைப் பயிற்சி முகாமுக்கு அழைக்கும். முகாமில் தேறியவனுக்கு ஒப்பந்தம். இந்த முறை என் பொறுப்பு, நடுக்களத்தில் ஆடும் ஒருவனைப் பார்த்துச் சொல்வது. ராயபுரத்தைச் சேர்ந்த ஜெரால்டு என்ற பி.காம். மாணவன். அறிக்கை போய்ச் சேர வேண்டிய கெடு, ஞாயிறு மாலை ஆறு மணி.

நடுக்களக்காரன்தான் ஒரு அணியின் மூளை. பந்து யாருக்குப் போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்பதை முடிவு செய்கிறவன் அவன். நானும் கல்லூரியில் அதே இடத்தில்தான் ஆடினேன். மோசமாக ஆடவில்லை. ஆனால் என்னைப் பார்ப்பதற்காக யாரும் எந்த ஊரிலிருந்தும் ரயில் ஏறவில்லை. இந்தப் பையனுக்காக ஒருவன் பொட்டுக்கடலைப் பொட்டலத்தோடு ஏழு மணி நேரம் உட்கார்ந்து வந்திருக்கிறான். அந்த ஒருவனும் நான்தான் என்பதை நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது.

எழும்பூரிலிருந்து யானைக்கவுனிக்கு ஆட்டோ நூற்று முப்பது ரூபாய். அங்கே மூன்றாவது மாடியில், மொத்த வியாபாரிகள் வந்து தங்கும் விடுதியில், நாளுக்கு எழுநூற்று ஐம்பது ரூபாய்க்கு ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் பெருங்காய வாசனை. மூடினால் முந்தைய ஆளின் தலைக்கு வைத்த எண்ணெய் வாசனை. திறந்தே வைத்தேன்.

மாலை 3.30

மின்ட் பக்கத்திலிருந்து தண்டையார்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். ஓட்டியவர் ஜபார் பாய், வண்ணாரப்பேட்டைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். என் கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியைப் பார்த்ததுமே கேட்டுவிட்டார்.

"இன்னா சார், பறவை பாக்க வந்தியா? இந்தாண்ட காக்காதான் கீது."

கால்பந்து பார்க்க வந்தேன், ஜெரால்டு என்று ஒரு பையனை, என்றேன். வண்டி ஓரமாக நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் முணுமுணுத்தார்கள்.

"நம்ம ஜெரால்டையா? அத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா நைனா! குந்து, குந்து, நானே இட்டுகினு போறேன். துட்டு கண்டி குட்த்த, கோவம் வந்துரும் எனக்கு."

எங்கள் ஊரில் என் பெயரைச் சொன்னால் ஆட்டோ நிற்காது. அந்த இருபது ரூபாயை வலுக்கட்டாயமாக அவர் சட்டைப் பையில் திணித்தேன். அவனால் கிடைக்கிற சலுகை எனக்கு வேண்டாம்.

மாலை 4.00

தண்டையார்பேட்டைக் கல்லூரி மைதானம். சுற்றிலும் வேப்பமரம், ஒரு பக்கம் சிமெண்டுப் படிக்கட்டு, பார்ப்பதற்கு ஐம்பது அறுபது பேர். அமைதியான இடம்.

எங்கள் அணியின் மேலாளர் காகிதத்தை நம்புகிறவர். அமெரிக்காவில் கையால் பந்தை எறிந்து ஆடும் அவர்களுடைய கால்பந்தில், கல்லூரிப் பையன்களைத் தொழில்முறை அணிகள் பங்கு போட்டுக்கொள்வதற்கு முன் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று எங்கேயோ படித்திருக்கிறார். எறிகிறவனின் உள்ளங்கையை விரித்து அளப்பார்களாம். அழுத்தம் வரும்போது அவன் கண் எங்கே போகிறது, தோற்ற பிறகு யாரிடம் எப்படிப் பேசுகிறான், விடுதிச் சமையல்காரர் அவனைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்பார்களாம். அதைப் படித்த வேகத்தில் எங்களுக்கும் பன்னிரண்டு கட்டங்கள் போட்டுவிட்டார். கட்டத்துக்குப் பத்து மதிப்பெண். அதில் ஏழாவது கட்டம் 'குரல்'. நடுக்களக்காரன் கத்தி வழிநடத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை. குரலில் நான்குக்குக் கீழே வாங்கியவன் மற்றதில் தங்கமாக இருந்தாலும் தள்ளுபடி.

நல்ல வேவுக்காரன் பந்தைப் பார்க்க மாட்டான். பந்து இல்லாதபோது ஆள் என்ன செய்கிறான் என்று பார்ப்பான். நான் ஜெரால்டை மட்டும் பார்த்தேன். ஒல்லி, நடுத்தர உயரம், வலது முழங்காலில் ஒரு பழைய தழும்பு. பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால் தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். பத்து நொடிக்குள் நான்கு முறை எண்ணினேன். அதனால் பந்து காலில் படும்போது அவனுக்கு வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. என் காலத்தில் பந்து வந்த பிறகுதான் நான் தலையையே நிமிர்த்துவேன்.

இடது கால் பலவீனமா என்று காத்திருந்தேன்; இடது காலால் முப்பது கெஜத்துக்கு ஒரு பந்தைத் தூக்கி, ஓடுகிறவனின் மார்பில் இறக்கினான். ஒரு தடவை பந்தைப் பறிகொடுத்தான். 'இப்போது கையை விரிப்பான், யாரையாவது குறை சொல்வான்' என்று பேனாவைத் திறந்தேன். அவன் பறித்தவன் பின்னாலேயே ஓடி, பந்தை மீட்டுக்கொண்டு வந்தான். பேனாவை மூடினேன்.

இரண்டாம் பாதியில்தான் எனக்குப் புதையல் கிடைத்தது. பையன் பேசவே இல்லை. 'குடு' என்றோ 'ஆள் வர்றான்' என்றோ ஒரு சத்தமும் இல்லை. தொண்ணூறு நிமிடத்தில் அவன் வாயிலிருந்து ஏழே வார்த்தைகள் வந்ததாக எண்ணினேன். அதில் இரண்டு 'சாரி'. போதாக்குறைக்கு, ஆட்டம் மும்முரமாக இருக்கும்போது இடது கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பந்தியில் இடம் காலியாகக் காத்திருக்கும் கல்யாண விருந்தாளியைப் போல நின்றான்.

குரல்: மூன்று. உடல்மொழி: சோம்பல், இடுப்பில் கை. எழுதும்போது என் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தது என்பதை இப்போது பார்த்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவன் அணி இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது.

சனி, காலை 9.00

ஆட்டத்தைப் பார்ப்பது பாதி வேலை. ஆளை விசாரிப்பது மீதி. ஜபார் பாய் சொல்லாமலே விடுதி வாசலில் வந்து நின்றார். ராயபுரத்துக்கு நான்கு கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். மாதா கோயில் தெருமுனை டீக்கடையில் டீ பன்னிரண்டு ரூபாய். ஜெரால்டு எப்படி என்று பொதுவாகக் கேட்டு வைத்தேன். கடைக்காரர் பால் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"நல்ல புள்ள சார். பேச்சுதான் கம்மி. ஆனா மேட்ச்சு அன்னிக்குக் கடைல ஒரு ஆளு குந்தமாட்டான், அல்லாம் அங்கதான்."

பேச்சு கம்மி. என் மூன்று மதிப்பெண்ணுக்குச் சாட்சியே கிடைத்துவிட்டது. இன்னொரு டீ குடித்தேன்.

வீடு இரண்டு அறை. ஜெரால்டு கல்லூரியில் கடைசிப் பரீட்சை எழுதப் போயிருந்தான். அப்பா ஆரோக்கியதாஸ், துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வந்து இன்னும் படுக்காமல் இருந்தார். நான் வருவது தெரிந்து படுக்கவில்லையாம். அவருக்கும் பேச்சு கம்மி. பேசினால் வாய்க்கு முன்னால் கை வந்துவிடுகிறது: உட்காருங்கள் என்பதற்கு ஒரு கை, மின்விசிறியைப் போடு என்பதற்கு ஒரு கை. சுவரில் பையனின் கோப்பைகளுக்கு என்றே அடித்த மரப்பலகை, அதில் இடமில்லாமல் தரையிலும் ஏழெட்டு.

"அவன் மேட்ச்சு ஒண்ணு கூட வுட்டதில்ல சார்," என்றார். "நைட்டு டூட்டி முட்ச்சிட்டு அப்டியே போய் நின்னுருவேன்."

என் அப்பா நல்ல மனிதர். நான் ஆடி அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

படிப்பு முடிந்ததும் என்ன என்று கேட்டேன். இது படிவத்தின் பதினோராவது கட்டம்.

"திங்கக்கெழம கன்டெய்னர் யார்டுல சேர்றான் சார். பொட்டி எண்ணி எழுதிக்கிற வேல. மாமன் சொல்லி வச்சிருக்காரு. உங்க ஆளுங்க கூப்ட்டா அங்க போவான். கூப்டலன்னா இங்க சேந்துருவான். சேந்துட்டா அப்பால ஏது ஆட்டம், பன்னண்டு மணி நேரம் நிக்கணும்." அவர் கை காற்றில் ஒரு கோடு இழுத்து நிறுத்தியது. "ஞாயித்துக்கெழம சொல்லிருவாங்களாமே?"

சொல்லிவிடுவார்கள் என்றேன். ஏழாவது கட்டம் பையில் மடித்து இருந்தது. மீன் குழம்பு இருக்கிறது, சாப்பிட்டுப் போகலாம் என்றார் அந்த வீட்டு அம்மா. நேரமில்லை என்று எழுந்துவிட்டேன். நேரம் இருந்தது. அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு சோறு இறங்காது என்றுதான் எழுந்தேன்.

காலை 11.20

ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து எண்ணூருக்கு மின்சார ரயில், ஐந்து ரூபாய். கொருக்குப்பேட்டை தாண்டியதும் எண்ணெய்த் தொட்டிகளும் சரக்குப் பெட்டிகளும் மதில்களுமாக ஓடுகின்றன. பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், என் தொலைநோக்கியை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுந் தெரியலியே" என்று திருப்பிக் கொடுத்தார்.

போன வருடம் ஜெரால்டு நெட்டுக்குப்பம் அணிக்காகக் கொஞ்ச காலம் ஆடிவிட்டு விலகியிருந்தான். ஒருவன் ஒரு அணியை விட்டு ஏன் விலகினான் என்பது எங்கள் தொழிலில் முக்கியமான கேள்வி. சண்டையா, பண விஷயமா, குடியா? எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்கு எழுபது ரூபாய் கொடுத்து நெட்டுக்குப்பத்தில் இறங்கினேன். ஆற்று முகத்துவாரம். அக்கரையில் வள்ளூர் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் நிற்க, இக்கரையில் படகுகள் வரிசையாக வெயில் காய்ந்தன. அந்த அணியின் கோல்கீப்பர் மதி, ஃபைபர் படகின் இன்ஜினைக் கழற்றி வைத்துக்கொண்டு கை முழுக்க கிரீஸோடு இருந்தார்.

"ஜெரால்டா? அவன் எங்க டீம்லர்ந்து வெலகலியே சார். எங்க டீமே இல்ல அவன். எங்கண்ணன் காலு ஒட்ச்சிகினு படுத்துட்டான். கப்பு மேட்ச்சு நாலு பாக்கி. ஆளு இல்ல. அவன் வந்து ஆடிக் குட்த்தான். பஸ்ஸுக்குக் கூட துட்டு வாங்கல. அண்ணன் எய்ந்து நடந்த அன்னிக்கு, 'உங்க எடம்ண்ணா' சொல்லி ஜெர்சியக் கயட்டிக் கைல குட்த்துட்டுப் போய்கினே இருந்தான்."

"அவன் ஏன் மைதானத்துல வாயே திறக்கறதில்ல?" என்று கேட்டேன்.

மதி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீ இன்னும் எக்ஸ்பிரஸ் ரோட்டாண்ட அவன் ஆடிப் பாக்கல போலக்கீது" என்று சொல்லிவிட்டு இன்ஜினுக்குத் திரும்பிவிட்டார்.

நல்ல சேதி கேட்கக் கேட்க ஒருவனுக்கு எரிச்சல் ஏறுமா? எனக்கு ஏறியது. காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். பஸ் காசு வாங்காததில் கூட எனக்குப் பெருமையடிப்புதான் தெரிந்தது. பிற்பகல் மூன்றே முக்காலுக்கு எண்ணூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, கெடுவுக்கு ஒரு நாள் மிச்சமிருக்க, படிவத்தை போனில் படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பிவிட்டேன். குரல் மூன்று. மற்ற கட்டங்களில் நியாயமாகவே போட்டிருந்தேன். அதனால் பார்க்கிறவர்களுக்கு என்மேல் சந்தேகமே வராது.

ஞாயிறு, காலை 7.00

வேலை முடிந்துவிட்டது. ரயில் மாலையில்தான். படுத்துத் தூங்கியிருக்கலாம். ஜபார் பாய் போன் செய்தார்: "இன்னா சார், இன்னிக்கு எக்ஸ்பிரஸ் ரோட்டாண்ட ஜெரால்டு ஆட்ற ஃபைனலு! பாக்காத போனா பேஜாராப் பூடும்." போனேன். அவன் தோற்பதை ஒரு தடவையாவது பார்த்துவிட்டு ஊருக்குப் போகலாம் என்ற ஆசைதான்.

திருவொற்றியூரில் எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் கடலோரக் கருங்கல் குவியலுக்கும் நடுவில் ஒரு மண் திடல். முழு மைதானம் இல்லை. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற அளவு. சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள், கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக. ஓட்டுநர்கள் கேபின் கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆட்டம் பார்க்கிறார்கள். வரிசை இரண்டடி நகர்ந்தால் போதும், பின்னால் இருக்கிற அத்தனை லாரியும் ஒரே நேரத்தில் ஹாரனை அழுத்தும். இன்னொரு பக்கம் கல்லில் அலை மோதும். பக்கத்தில் நிற்கிற ஜபார் பாயோடு பேசவே நான் அவர் காதில் வாயை வைக்க வேண்டியிருந்தது.

நடுவரிடம் விசில் இல்லை. கையில் ஒரு சிவப்புத் துண்டு வைத்திருந்தார். தவறு நடந்தாலும் கோல் விழுந்தாலும் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றுகிறார், பையன்கள் நிற்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் ஏதோ உறைத்தது.

இரு அணியிலும் யாரும் கத்தவில்லை. கத்தி என்ன பயன்?

ஜபார் பாய் என் முகவாயைப் பிடித்துத் திருப்பினார். "வாயப் பாக்காத சார். கையப் பாரு. அவன் பின்னாடி கை."

ஜெரால்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றான். இடது கை இடுப்புக்குப் பின்னால். அதே கல்யாண விருந்தாளி. அந்தக் கையில் இரண்டு விரல்கள் நீண்டிருந்தன.

"ரெண்டு வெரலு. இப்ப அந்தாண்ட ஓரமாப் போவும் பாரு."

பின்னாலிருந்த தடுப்பாட்டக்காரன் தலையை நிமிர்த்தாமலே பந்தை எதிர்ப்பக்க ஓரத்துக்கு அடித்தான். அங்கே ஆள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தான்.

"முஷ்டி புட்ச்சா, குடுக்காத, ஆளு கீறான். உள்ளங்கை விரிச்சா, எனக்கே குடு. கட்ட வெரலு, ஓடு."

முஷ்டி. பந்து வரவில்லை. விரிந்த உள்ளங்கை. பந்து வந்தது. நான்கு முறை ஜபார் பாய் சொல்ல, நான்கு முறையும் அப்படியே நடந்தது. ஐந்தாம் முறை அவருக்கு முன்னால் நானே "ஓரம்!" என்று கத்திவிட்டேன். பந்து ஓரத்துக்குப் போனது, திரும்பி உள்ளே வந்தது, கோல் ஆனது. கேபின் கூரைகளில் ஓட்டுநர்கள் எழுந்து ஆடினார்கள். சிவப்புத் துண்டு சுழன்றது. ஓரத்தில் ஆரோக்கியதாஸ், இரவு வேலைச் சட்டையோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"எங்க கத்துகினான் இத்த?" என்று அவர்கள் பாஷையிலேயே கேட்டிருக்கிறேன், அந்த அதிர்ச்சியில்.

"அவங்கப்பா ஹார்பர்ல கிரேனுக்குக் கை காட்றவரு சார். மேல உச்சில கண்ணாடி ரூம்புல குந்திகினு கீறவனுக்குக் கீய இருந்து கத்துனா கேக்குமா? ஏத்து, எறக்கு, நிறுத்து, அல்லாம் கைதான். ஒரு வெரலு மாறுனா பொட்டி ஆளு மேல உக்காந்துரும். அவரு புள்ள, சும்மாவா?"

இருபது வருடமாக எத்தனை பையன்களின் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன். பந்தைப் பார்க்காதே, ஆளைப் பார் என்று எனக்குக் கீழே வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். இந்த ஆளின் வாயைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், கையைச் சோம்பல் என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பார்க்கத் தெரியாதவன் பையன் கோணல் என்றிருக்கிறான்.

ஆட்டம் முடிந்து, மூன்றுக்கு ஒன்று ஜெயித்து, கோப்பையைத் தூக்கிய பிறகு ஜெரால்டை ஓரமாக அழைத்தேன். முதன்முறையாக நேருக்கு நேர் பேசினோம்.

"தம்பி, இங்க சத்தம், சரி. அந்தக் கல்லூரி மைதானம் அமைதியாத்தான இருந்துச்சு? அங்கயாவது கத்தலாம்ல?"

"பயக்கம் சார். அப்பால... கத்துனா அந்த டீமுக்கும் கேட்ருமே."

திண்டுக்கல்லில் என் பள்ளி மைதானத்தில் காகம் கத்தினால் கேட்கும். அங்கே நின்று "வாயத் தொறடா, வாயத் தொறந்து ஆடுடா" என்று தலைமுறை தலைமுறையாகப் பையன்களை விரட்டியிருக்கிறேன். எதிரணிக்கும் காது உண்டு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. இருபது வயதுப் பையனுக்குத் தோன்றியிருக்கிறது. அவன் மேல் எனக்கு அந்த நிமிடம் வந்ததுதான் மூன்று நாளிலேயே பெரிய பொறாமை. முந்தைய இரண்டு நாள் பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் தூசி.

"நாளைக்கு யார்டுல எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்டேன்.

"ஆறு மணிக்கு சார்." பிறகு தயங்கி, "எங்கப்பா உங்களாண்ட கேக்கச் சொன்னாரு. நா கேக்கல சார், பரவால்ல" என்று சொல்லிவிட்டுக் கோப்பையிருந்த பக்கம் ஓடினான்.

மாலை 4.50

எழும்பூர், நான்காம் நடைமேடை. மேலாளருக்கு போன் செய்து, என் அறிக்கை தவறு, மாற்ற வேண்டும் என்றேன்.

"அனுப்பினது அனுப்பினதுதான் சார்," என்றார். "குரல் மூணு, தள்ளியாச்சு. மாத்தணும்னா கடைசிக் கட்டத்துல காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு ஆறு மணிக்குள்ள அனுப்புங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன், தப்பாப் பாத்துட்டேன்னு நீங்களே எழுதிக் கொடுத்தா, அடுத்த சீசனுக்கு உங்களக் கூப்பிடச் சொல்லி நான் யார்கிட்டயும் பேச முடியாது."

இந்த வேலையில் பெரிய வருமானம் இல்லை. ஆனால் கால்பந்தோடு எனக்கு மிச்சமிருக்கிற ஒரே ஒட்டு இதுதான். மைதானத்துக்குள் நான் நுழைந்தால் நாலு பேர் 'யாரு அது?' என்று திரும்பிப் பார்ப்பதும் இதனால்தான்.

படிவத்தின் புதுப் பிரதி ஒன்றை எடுத்து மடியில் வைத்தேன். குரல் கட்டத்தில் ஒன்பது போட்டேன். பக்கத்தில், 'கையால் பேசுகிறான். தன் அணி முழுவதற்கும் கேட்கிறது, எதிரணிக்குக் கேட்கவில்லை' என்று எழுதினேன். அதுவரை சுலபம். காரணம்தான் வரவில்லை. 'வெள்ளிக்கிழமை வெளிச்சம் போதவில்லை' என்று எழுதினேன். நாலு மணி வெயிலில் என்ன வெளிச்சம் போதவில்லை? அடித்தேன். 'பார்வையாளர் கூட்டத்தால் சரியாகத் தெரியவில்லை.' ஐம்பது பேர். அதையும் அடித்தேன். 'ஒரே ஆட்டத்தை வைத்து முடிவு செய்துவிட்டேன்' என்பது கௌரவமான காரணம். மேலாளர் ஏற்றுக்கொள்வார், என் பெயரும் தப்பிக்கும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஆட்டத்தில் நான் பார்க்க வேண்டியதெல்லாம் அங்கேயேதான் இருந்தது. கண் முன்னால் கையை வைத்துக்கொண்டுதான் நின்றான்.

ஐந்து ஐம்பதுக்கு இப்படி எழுதினேன்: 'முதல் அறிக்கையை எழுதும்போது எனக்கு இவன் மேல் பொறாமையாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. இவனை அழையுங்கள்.'

கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து, அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரப் பதினைந்து நிமிடம் ஆனது. அதற்குள் ஒரு தண்ணீர் பாட்டில் இருபது ரூபாய்க்கு வாங்கி முழுவதையும் குடித்துவிட்டேன்.

'பையனை முகாமுக்கு அழைக்கிறோம். வரும் வெள்ளிக்குள் வரச் சொல்லுங்கள். உங்கள் சேவைக்கு நன்றி.' அந்த நன்றியின் பொருள் எனக்குத் தெரியும்.

ராயபுரத்துக்கு போன் செய்தேன். ஆரோக்கியதாஸ் எடுத்தார். உங்கள் பையனை அழைத்திருக்கிறார்கள், நாளைக்கு யார்டுக்குப் போக வேண்டாம் என்றேன். அவர் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று, "ஹலோ" என்றேன். அவர் அங்கே கையை உயர்த்தியிருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த நொடி அந்த வீடே கத்தியது. அம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள், தெருவில் நின்றவர்கள், யார் யாரோ. அதற்குள் ஒரு குரல் உடைந்து, மற்ற எல்லோரையும் விடச் சத்தமாக, "அப்பா!" என்றது. அது ஜெரால்டு.

போனை அங்கே யாரும் அணைக்கவில்லை. என்னை மறந்துவிட்டார்கள். நானும் அணைக்கவில்லை. ரயில் வந்து நின்று, கூட்டம் ஏறத் தொடங்கிய பிறகும், ஒருவனுக்காக ஒரு தெரு அப்படிச் சத்தம் போடுவதை வயிறு எரிய எரிய நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.